சிகரெட் வாங்கிக் கொடுக்க மறுத்தால் நான் கெட்ட மனைவியா?

கேள்வி: என் கணவருக்கு 63 வயது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறார்கள். கட்டாரில் இருக்கும் மகன் அனுப்பிய பணத்தில் வீட்டில் ஒட்சிசன் இயந்திரம் வைத்திருக்கிறோம். அப்படியிருந்தும் நாளுக்கு ஆறு, ஏழு சிகரெட் பிடிக்கிறார். அவரால் கடை வரை நடக்க முடியாது, என்னைத்தான் அனுப்புகிறார். மறுத்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். இரவில் நாலைந்து தரம் கூப்பிடுவார்: தலையணை, தண்ணீர், கால் பிடி என்று. ‘சாகப் போகிறவருக்கு ஒரு சிகரெட்டையும் மறுக்கிறாயா’ என்று அவருடைய அக்கா கேட்கிறார். மகனும் ‘அப்பா கேட்பதைக் கொடுத்துவிடுங்கள்’ என்கிறான். இரண்டு மாதமாக எனக்கும் இருமல் இருக்கிறது. நான் என்ன செய்வது? – ஆரையம்பதி வாசகி, வயது 57

பதில்: அம்மா, கடிதம் முழுவதும் அவரைப் பற்றி எழுதிவிட்டு, போகிற போக்கில் உங்கள் இருமலைச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் யாருக்கு இருந்தாலும் சளியைப் பரிசோதித்துக் காசநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அரச மார்புச் சிகிச்சை நிலையத்தில் இதற்குப் பணம் இல்லை. காசநோய் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கணக்கில் அடுத்தவர் விட்ட புகையைச் சுவாசித்த நெஞ்சு உங்களுடையது. இரத்த அழுத்தமும் சீனியும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்கவேயில்லை என்றுதான் ஊகிக்கிறேன்.

அடுத்தது, உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய விடயம். ஒட்சிசன் இயந்திரமும் சிகரெட்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன. ஒட்சிசன் தானாக எரியாது. ஆனால் சிறு பொறியையும் ஒரு நொடியில் பெருநெருப்பாக்கிவிடும். குழாயிலிருந்து கசியும் ஒட்சிசன் தலைமயிரிலும் சாரத்திலும் தலையணையிலும் தங்கியிருக்கும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதே கட்டிலில் இருந்தபடி பற்ற வைத்தால், மூக்கில் கிடக்கும் பிளாஸ்டிக் குழாயே தீப்பிடித்து முகம் வெந்துபோகலாம். குத்துவிளக்கு, சாம்பிராணி, நுளம்புத்திரி எதுவும் அந்த அறையில் வேண்டாம். மூக்கடியில் எண்ணெய்ப் பசையான தைலமோ வசலினோ பூச வேண்டாம்.

ஆகவே இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அவர் பிடித்தே தீருவார் என்றால் இயந்திரத்தை நிறுத்தி, குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, அரை மணி நேரமாவது பொறுத்து, வளவுக்குள் இறங்கிப் பிடிக்கட்டும். வீட்டுக்குள் நெருப்பு இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குக் கொடுக்கப்படுவது; உங்களுடையதும் சீதன வீடாகவே இருக்கக்கூடும். யார் பெயரில் இருந்தாலும் அந்தக் கூரையின் கீழ் நீங்களும்தான் படுக்கிறீர்கள். அவர் புகைப்பது அவருடைய முடிவு. நீங்கள் உயிரோடு வெந்துபோகாமல் இருப்பது உங்களுடைய முடிவு.

அவர் புகைக்கிறார் என்பதைக் கிளினிக்கில் மறைக்காதீர்கள். சிகரெட் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு, ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்சிசன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்திருக்கும். மகன் வாங்கிக் கொடுத்ததன் பலனில் ஒரு பங்கைச் சிகரெட் இப்படித்தான் தின்றுவிடுகிறது. இதை மகனுக்கு அடுத்த அழைப்பில் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாங்கிக் கொடுக்க வேண்டாம். தண்டனையாக அல்ல, ஒளித்து வைத்தும் அல்ல. அவருக்கு மூச்சு ஓரளவு சீராக இருக்கும் ஒரு காலை வேளையில், ‘இன்ன திகதிக்குப் பிறகு நான் கடைக்குப் போகமாட்டேன்’ என்று ஒரு தரம் சொல்லுங்கள். அந்தத் திகதிக்கு முன்பே கிளினிக்கில் நிக்கொட்டின் சுயிங்கம் அல்லது தோலில் ஒட்டும் பட்டை பற்றிக் கேளுங்கள். புகையிலையை விட உதவும் 1948 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. முதல் மூன்று நான்கு நாட்கள் கடுமையாக இருக்கும். எரிச்சலும் தூக்கமின்மையும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். ஒவ்வொரு தரமும் எழும் ஆசை சில நிமிடங்களில் அடங்கிவிடும். மாணவனாக இருந்தபோது நானும் புகைத்தவன். நாலு தரம் விட்டு ஐந்தாவது தரம்தான் விட்டேன். அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு நீளம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

இதில் இரண்டு கவனம். மூச்சுக்குழாயை விரிக்கும் தியோபிலின் மாத்திரையை அவர் எடுப்பவராக இருந்தால், புகைப்பதை நிறுத்தியதும் இரத்தத்தில் அந்த மருந்தின் அளவு ஏறும். குமட்டலும் படபடப்பும் வரும். நிறுத்தும் திகதியை வைத்தியருக்கு முன்கூட்டியே சொன்னால் அளவைக் குறைப்பார். மற்றது, சிகரெட்டுக்குப் பதிலாக வெற்றிலையோடு புகையிலை போடத் தொடங்குவது. அது விடுவது அல்ல; புற்றுநோய்க்கு வாயைத் திறந்து கொடுப்பது.

வேறு யாராவது அவருக்கு வாங்கி வந்து கொடுப்பார்கள். கொடுக்கட்டும். சட்டைப்பையைத் தடவும் பொலிஸ் வேலை உங்களுக்கு வேண்டாம். அவர் விடாமலே போகவும் கூடும். அந்தத் தோல்வியை உங்கள் கணக்கில் எழுதாதீர்கள். ஆனால் ‘சாகப் போகிறவர்தானே’ என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. இந்த நோயோடு ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கட்டத்தில் நிறுத்தினாலும் நுரையீரல் கெடும் வேகம் குறையும்.

அவருடைய பிடிவாதத்தைப் பற்றி: எல்லாமே குணம் அல்ல. மூச்சு முட்டு கூடும்போது கொடுக்கும் பிரெட்னிசொலோன் மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கும், கோபத்தைக் கூட்டும். வாயால் இழுக்கும் மருந்துப் பம்ப் அளவுக்கு மிஞ்சினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். இரவில் பல மணி நேரம் நிக்கொட்டின் இல்லாமல் கிடப்பவருக்குப் பின்னிரவில் எரிச்சல் வரும். மனச்சோர்வும் இந்த நோயாளர்களிடம் சாதாரணம். இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது, மூச்சோடு வெளியேற வேண்டிய காபனீரொட்சைட்டு உடலில் தேங்குவது: காலையில் தலைவலி, பகலில் உறக்கம், திடீரென்று குழப்பமான பேச்சு. இவற்றைக் கண்டால் கோபித்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸை அழையுங்கள். மூச்சு முட்டுகிறதே என்று ஒட்சிசன் அளவை நீங்களாக உயர்த்தவும் வேண்டாம். இவரைப் போன்ற பலருக்கு இரத்த ஒட்சிசன் 88 முதல் 92 சதவீதம் வரை நிற்பதே பாதுகாப்பு. அதற்கு மேல் ஏற்றினால் அந்தத் தேக்கம் கூடும். இவருக்கு எந்த அளவு என்பதைக் கொப்பியில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாரியில் மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

ஆனால் தட்டைத் தள்ளுவதை நான் எந்த மாத்திரையின் தலையிலும் கட்டமாட்டேன். தள்ளிய தட்டை உடனே மறுபடி நிரப்பி நீட்டாதீர்கள். அந்தக் கை உங்கள் மேல் நீண்டால் 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் இருக்கிறது. வருத்தக்காரர் அடித்தாலும் அடிதான்.

இரவுக்கு ஒரு வழி. மூச்சு முட்டும் பயம் மூச்சு முட்டலைக் கூட்டும், கூடிய முட்டு பயத்தைக் கூட்டும். பாதி அழைப்புகள் அதனால்தான். படுக்குமுன் தண்ணீர், மூத்திரப் போத்தல், பம்ப், ஒரு பனையோலை விசிறி எல்லாம் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முட்டு வந்தால் முன்னே சாய்ந்து உட்கார்ந்து, மூக்கால் இழுத்து, விளக்கை ஊதுவது போல உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். முகத்தில் காற்றுப் படுவதே மூச்சுத்திணறலைத் தணிக்கும். விசிறியை அவரே வீசட்டும். உண்மையான திணறலுக்கு ஒரு மணியை வையுங்கள். கால் பிடிக்க மணி இல்லை.

மகன் அறிவுரைக்குப் பதிலாக, வாரத்தில் இரண்டு இரவு வந்து இருக்க ஒரு ஆளுக்குப் பணம் அனுப்பலாம். உங்களுக்கு எதிலும் பிடிப்பில்லை, விடியாமலே போனால் நல்லது என்று தோன்றத் தொடங்கினால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

சளி மாதிரியைக் காலையில் எழுந்தவுடன் எடுப்பது நல்லது. அதனால் முதல் பஸ்ஸிலேயே போய்விடுங்கள். அன்று காலை முழுவதும் அவரைப் பார்த்துக்கொள்ளும்படி மச்சாளுக்கு முந்தின நாளே சொல்லிவையுங்கள்.