ரயில் பெட்டி விளக்கில் மறுபடியும் கேஸா?

கேள்வி: ஏற்காட்டில் ஒண்டிக்கடை பக்கம் மூன்று அறைகள் வைத்துத் தங்கும் விடுதி நடத்துகிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய பித்தளைச் சாமான் கடையில், ரயில் பெட்டிக் கூரையில் இருந்த கேஸ் விளக்கு என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் இங்கே கரண்ட் அடிக்கடி போகும். அதனால் சமையல் கேஸையே கொடுத்து எரிக்கலாமா, இல்லை பல்பு மாட்டுவதுதான் சரியா? படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: பல்புதான். கேஸ் பக்கமே போகாதீர்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே சுண்டுவிரல் தடிமனில் குழாய், அதில் ஒரு சின்னத் திருகு, உள்ளே ஊசித் துளையோடு நிப்பிள், தலையில் புகைபோக்கி. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, கேஸ் விளக்கேதான். எண்ணெய் விளக்காக இருந்தால் எண்ணெய்க் கிண்ணமும் திரி வைக்கும் வாயும் இருக்கும்.

ஆனால் ரயில் பெட்டி விளக்குகளில் பெரும்பாலும் எரிந்தது நம் எல்பிஜி அல்ல, எண்ணெயைக் காய்ச்சி எடுத்த வாயு. பெர்லினில் பின்ட்ஷ் என்பவர் 1870களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது. வாயுவை அழுத்தி அடைத்த உருளைகள் பெட்டிக்கு அடியில் தொங்கும். அதற்கு அளவெடுத்த துளையில் எல்பிஜியை விட்டால் காற்றுக் கலவை பொருந்தாது, கரி கக்கும். எல்பிஜி காற்றைவிடக் கனம் வேறு. கசிந்தால் தரையோடு படுத்துக்கொள்ளும். குளிருக்கு ஜன்னலை இறுக மூடிவிட்டுத் தூங்குகிற ஏற்காட்டு அறையில் இது வேண்டவே வேண்டாம்.

ரயில்வேக்காரர்களும் பட்டுத்தான் திருந்தினார்கள். 1915 மே 22 அன்று ஸ்காட்லாந்தில் குவின்டின்ஸ்ஹில் என்ற இடத்தில் ரயில்கள் மோதியபோது, மரப் பெட்டிகளில் பற்றிய தீக்கு இந்த கேஸ் உருளைகள் தீனி போட்டன. 200 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். இத்தனைக்கும் 1881லேயே லண்டன்–பிரைட்டன் பாதையில் புல்மேன் என்ற சொகுசுப் பெட்டி ஒன்று பேட்டரி வெளிச்சத்தில் ஓடிவிட்டது. ஓடுகிற வண்டியில் பேட்டரிக்கு எப்படி சார்ஜ் ஏற்றுவது என்பதுதான் பிரச்சினை.

1890களில் வந்த, ஸ்டோன் என்ற கம்பெனியின் முறை அதற்கு வழி கண்டது. சக்கர அச்சிலிருந்து ஒரு பெல்ட், பெட்டிக்கு அடியில் டைனமோ. வேகம் கூடினால் வோல்டேஜ் எகிறி பல்பு போய்விடுமே? அதற்காக டைனமோவை ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டார்கள். இழுவை ஓர் அளவைத் தாண்டினால் டைனமோ அச்சுப் பக்கம் சாயும், பெல்ட் தளர்ந்து வழுக்கும், டைனமோ அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். பெல்ட் வழுக்குவதை எல்லோரும் கோளாறு என்பார்கள். இங்கே அதுவே கட்டுப்பாடு! வண்டி நின்றால் பேட்டரி பார்த்துக்கொள்ளும். கிராசிங்குக்காக பாசஞ்சர் வண்டி நெடுநேரம் நிற்கும்போது விளக்கு மஞ்சளடித்து, ஃபேன் சோம்பி, வண்டி வேகமெடுத்த பிறகு உயிர் வருவதை என் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள்.

உங்களுக்கும் அதே வழிதான், டைனமோவுக்குப் பதில் ஒரு சார்ஜர். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று வாங்கி, அதற்கான தானியங்கி சார்ஜரில் போட்டுவையுங்கள். 12 வோல்ட் 3 வாட் எல்இடி பல்பு கால் ஆம்பியர்தான் இழுக்கும். பேட்டரியில் பாதியைச் செலவழித்தாலே 14 மணி நேரம் வரும். பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்.

230 வோல்ட்டை நேரே இந்த விளக்குக்குள் கொண்டுபோகாதீர்கள். பனி ஈரத்தில் ஒயர் எங்காவது உரசினால் பித்தளை உடம்பு முழுக்க ஷாக்.

வெளிப்பக்கத்தைப் புளி போட்டுத் தேயுங்கள், தங்கமாய் மின்னும். உள்ளே மட்டும் சுரண்ட வேண்டாம். வெள்ளைக் கயிறு மாதிரி அடைப்பு இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். மேண்டில் (கேஸ் சுடரில் ஒளிரும் வலைத்துணி) துணுக்கு இருந்தால் அதில் தோரியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் இருக்கலாம். இரண்டின் தூளையும் மூச்சில் இழுக்கக் கூடாது. மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.

ஒயருக்காகக் குழாயைத் துளைக்க வேண்டாம், பழம்பொருள் மதிப்பு போய்விடும். புகைபோக்கி வழியாக இறக்குங்கள். பல்பின் சூடு வெளியேற அந்த வாய் திறந்தே இருக்கட்டும். அப்புறம், அதன் மேல் ஒரு கொசுவலைத் துண்டைக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் முதல் மழைக்கே கண்ணாடிக் கிண்ணம் ஈசலால் நிறைந்துவிடும்.