மாஸ்டரின் எட்டாம் டானும் டாக்டர் பட்டமும்: எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி: என் மகளைச் சேர்க்க ஒரு டேக்வாண்டோ வகுப்புக்குப் போயிருந்தேன். மாஸ்டருக்கு 34 வயது. எட்டாம் டான் பிளாக் பெல்ட் என்கிறார். தற்காப்புக் கலையில் பிஎச்டி முடித்ததாகச் சொல்லி, பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்றும் போட்டுக்கொள்கிறார். சுவர் நிறையச் சான்றிதழ்கள். நம்பிச் சேர்க்கலாமா?

பதில்: சரிபார்க்கும்வரை பணம் கட்டாதீர்கள். டானையும் (பிளாக் பெல்ட்டுக்குள் உள்ள படிநிலை) டாக்டர் பட்டத்தையும் தனித்தனியாக விசாரியுங்கள். ஒன்று உண்மை என்பதால் இன்னொன்றும் உண்மையாகிவிடாது.

டானுக்கு வயதே நல்ல கணக்கு. டேக்வாண்டோவில் பெரும்பாலோர் வாங்குவது, சியோலில் 1972-ல் திறக்கப்பட்ட குக்கிவோன் என்ற டேக்வாண்டோ தலைமையகம் தரும் டான். முதல் டானுக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஓராண்டு, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து மூன்று என்று காத்திருப்பு ஏறிக்கொண்டே போகும். முதல் டானிலிருந்து ஏழாவதை எட்டவே வழக்கமான வழியில் 21 ஆண்டு ஆகும். எட்டாவதற்கு வயது 44 ஆகியிருக்க வேண்டும். உங்கள் மாஸ்டரின் கணக்கு இங்கேயே இடிக்கிறது. சான்றிதழ் எண்ணைக் கேட்டு வாங்கி, குக்கிவோனின் இணையதளத்தில் பாருங்கள்.

அங்கே பெயர் இல்லை என்றவுடன் போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1966-ல் சோய் ஹோங் ஹி தொடங்கிய ஐடிஎஃப் (சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு) தனி வழி, அதன் டான் குக்கிவோன் பதிவில் வராது. கராத்தேயில் எல்லாப் பாணிகளுக்கும் பொதுவான டான் பதிவேடே கிடையாது. இப்படிப்பட்ட இடங்களில் யாரிடம் கற்றார், யார் தேர்வு வைத்தார், எந்த ஆண்டு என்று கேட்டு, அந்த ஆசிரியரிடமோ அமைப்பிடமோ நேரடியாக விசாரிக்க வேண்டும். மாஸ்டர் கொடுக்கும் எண்ணுக்குப் பேசாமல், தொடர்பு எண்ணை நீங்களே தேடி எடுங்கள்.

சான்றிதழின் அடியில் இருக்கும் கையெழுத்தையும் கவனியுங்கள். 'உலகத் தலைவர்' என்று கையெழுத்திட்டவர் உங்கள் மாஸ்டரே என்றால், தனக்குத் தானே டான் கொடுத்துக்கொண்டார் என்று அர்த்தம். ஆளுக்கொரு சம்மேளனம் தொடங்கி, ஒருவருக்கொருவர் உயர்ந்த டான் வழங்கிக்கொள்பவர்களும் உண்டு. 'கௌரவ' என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்றும் பாருங்கள். 2021-ல் டொனால்ட் டிரம்புக்குக் குக்கிவோன் கௌரவ ஒன்பதாம் டான் கொடுத்தது. அந்தச் சான்றிதழ் அசல்தான், ஆனால் அதை வைத்து யாரும் வகுப்பு எடுக்க முடியாது.

சரி, பிஎச்டிக்கு வருவோம். தற்காப்புக் கலையில் பல்கலைக்கழகப் படிப்பே கிடையாது என்று நினைக்க வேண்டாம். கொரியாவின் யோங்இன் பல்கலைக்கழகம், ஜப்பானின் சர்வதேச புடோ பல்கலைக்கழகம் போன்றவை முறையாகவே நடத்துகின்றன. அதனால் எங்கே படித்தார், ஆய்வேட்டின் தலைப்பு என்ன, நெறியாளர் யார் என்று கேளுங்கள். உண்மையில் முடித்தவர் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

'அங்கீகாரம் பெற்றது' என்று அவர்களே அச்சிட்டிருப்பதற்கு மதிப்பில்லை. போலிப் பல்கலைக்கழகம் நடத்துபவர்கள், அதற்கு அங்கீகாரம் தர ஓர் அமைப்பையும் தாங்களே தொடங்கிக்கொள்வதுண்டு. அந்தப் பல்கலைக்கழகம் எந்த நாட்டில் இருக்கிறதோ, அந்த நாட்டு உயர்கல்வித் துறையின் பட்டியலில் தேடுங்கள். பன்னாட்டுப் பல்கலைக்கழகச் சங்கம் யுனெஸ்கோவுடன் சேர்ந்து நடத்தும் உலக உயர்கல்வித் தரவுத்தளத்திலும் பார்க்கலாம். வகுப்பும் இல்லை, ஆய்வும் இல்லை, அனுபவத்தை எழுதிக்கொடுத்துக் கட்டணம் கட்டினால் போதும் என்றால், அது விலைக்கு வாங்கிய பட்டம்.

இதில் நான் கறாராக இருக்கக் காரணம் உங்கள் மகளின் பாதுகாப்பு. தலையில் உதை பட்ட குழந்தையை உடனே ஆட்டத்திலிருந்து நிறுத்தத் தெரிந்தவர் கையில்தான் அவளை விட வேண்டும். தன் பயிற்சியைப் பற்றிப் பொய் சொல்கிறவருக்கு அது தெரியும் என்று எதை வைத்து நம்புவது?

கேட்கக் கூச்சப்படாதீர்கள். "எங்கள் பதிவுக்காகச் சான்றிதழ் எண் வேண்டும்" என்று பணிவாகக் கேட்டால் போதும், ஒழுங்காகப் படித்துவந்தவர் எடுத்துக் காட்டுவார். கோபப்பட்டாலோ, "என்னையே சந்தேகப்படுகிறீர்களா" என்று பேச்சை மாற்றினாலோ வேறு வகுப்பு பாருங்கள். அப்புறம், காகிதமெல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு நாள் வகுப்பு முழுவதும் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேருங்கள். பெற்றோர் பார்க்க அனுமதியில்லை என்று சொல்லும் இடத்தில் சேர்க்கவே வேண்டாம்.