உவர் மண், கிணற்று நீர், கடல் பாசி: ராமநாதபுரம் கரைக்காரர்களுக்குக் கேள்வி பதில்

உவர் நிலமும் பாசி வளர்ப்பும்தான் என் துறை. அதற்குள் வரும் கேள்விகளுக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

திருப்புல்லாணியிலிருந்து: ஐயா, வயலில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. ஏக்கருக்கு எத்தனை மூட்டை ஜிப்சம் போடலாம்?

மண்ணைப் பரிசோதிக்காமல் ஒரு மூட்டைகூட வாங்காதீர்கள். வெள்ளையாகப் பூப்பது பெரும்பாலும் உவர் மண். அதில் இருப்பது கரையும் உப்பு. பாத்தி கட்டி, மழைத்தண்ணீரைத் தேக்கி, கீழே வடியவிட்டால்தான் அது போகும். ஜிப்சம் வேலை செய்வது களர் மண்ணில். அங்கே சோடியம் மண் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அதைக் கழற்றிவிடும். களர் என்றால் பி.எச். (மண்ணின் அமில-கார அளவு) 8.5-க்கு மேல் போகும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். கண்ணாடிப் பாட்டிலில் ஒரு பிடி காய்ந்த மண்ணைப் போட்டு, மழைத்தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மறுநாள் மண் அடியில் படிந்து மேல்நீர் தெளிந்திருந்தால் உவர். கலங்கலாகவே நின்றால் களர். இது முதல் அடையாளம்தான், ஆய்வகச் சீட்டுக்கு மாற்று இல்லை.

கமுதியிலிருந்து: முண்டு மிளகாய் எவ்வளவு உப்பு தாங்கும், சார்?

குறைவுதான். மண்சாற்றின் மின்கடத்தும் திறன் (உப்பு எவ்வளவு என்று காட்டும் எண், அலகு dS/m) 1.5 தாண்டினாலே மிளகாயில் விளைச்சல் குறையத் தொடங்கும். நெல்லுக்கு அந்த எல்லை 3, பருத்திக்கு 7.7. ஒரு எச்சரிக்கை: இந்த எண்கள் நீரால் முழுக்க நிறைந்த மண்ணிலிருந்து பிழிந்த சாற்றுக்கானவை. ஆய்வகங்கள் பெரும்பாலும் மண்ணில் இரண்டு, இரண்டரை மடங்கு தண்ணீர் கலந்து அளக்கின்றன, அதனால் சீட்டில் எண் சிறிதாகத் தெரியும். சீட்டில் 1 என்று பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். எந்த முறையில் அளந்தார்கள் என்று கேளுங்கள்.

வேதாளையிலிருந்து: எங்கள் மணல் கிணற்றில் நல்ல தண்ணீர். ஆழ்துளை போட்டால் இன்னும் கிடைக்குமா அண்ணா?

போடாதீர்கள் தம்பி. கரையோர மணலில் நல்ல தண்ணீர் கடல் நீரின் மேல் மிதக்கிறது. கணக்கு என்ன தெரியுமா? கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர். மேல்மட்டம் ஓர் அடி இறங்கினால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நீர் 40 அடி ஏறும். ஆழமாகத் துளைத்தால் அந்த உப்புக்குள்ளேயே குழாயை இறக்குகிறீர்கள். பெரிய மோட்டாரால் உறிஞ்சினால் உப்பே மேலே வரும். இந்தக் கரையில் பெண்கள் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் அள்ளும் முறையில் மேலே உள்ள நல்ல நீர் மட்டும் வருகிறது. அதையே பின்பற்றுங்கள்: ஆழமில்லாத இரண்டு மூன்று கிணறு, சின்ன மோட்டார், விட்டு விட்டு இறைப்பு.

பரமக்குடியிலிருந்து: களர் உவர் எல்லாம் வேண்டாம், ஜிப்சம் எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள்.

முதல் பதிலைப் படியுங்கள். அந்த வேறுபாடு தெரியாமல் அளவு சொல்ல முடியாது.

தங்கச்சிமடத்திலிருந்து: பெப்சி பாசி கட்டலாம் என்று குழுவில் பேசுகிறோம். எவ்வளவு கிடைக்கும் ஐயா?

பிலிப்பைன்ஸ் பாசி என்றும் சொல்லும் கப்பாபைகஸ் என்ற கடல் பாசியைத்தான் சொல்கிறீர்கள். ஒரு மூங்கில் மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி (நடுவதற்கான பாசித் துண்டுகள்) கட்டினால், நல்ல கடலில் 45 நாளில் 200 கிலோவுக்கு மேல் ஈரப்பாசி வரும். காய்ந்தால் பத்தில் ஒரு பங்குதான் நிற்கும், விலையை அதில் பேசுங்கள். நுனி வெளுத்து உடைந்தால் ‘ஐஸ்-ஐஸ்’ நோய். அந்தப் பாசியை விதைக்கு எடுக்காதீர்கள். வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கம் மிதவை நிற்காது அம்மா.

பாம்பனிலிருந்து: பிலிப்பைன்ஸ் பாசியை இன்னும் ஆதரிக்கிறீர்களா? குருசடைத் தீவில் பவளத்தை மூடியதை மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை. 2008-இல் அது ஆய்விதழில் பதிவானது. உடைந்த துண்டு பவளத்தின் கிளையில் சிக்கி, படர்ந்து, வெளிச்சத்தை அடைக்கிறது. அடியில் பவளம் செத்துப்போகிறது. குருசடையும் சேர்த்து, 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளின் அருகே ஒரு மிதவைகூட வேண்டாம் என்பதுதான் என் நிலை.

மீண்டும் தங்கச்சிமடம்: தீவுக்குப் போய் மரிக்கொழுந்துப் பாசி எடுக்கவும் விடவில்லை. இதையும் நிறுத்தினால் நாங்கள் எங்கே போவது?

உங்கள் கேள்வி நியாயமானது. பல்லாண்டாக மூச்சடக்கிப் பாசி எடுத்த பெண்களை ஒரு வரைபடக் கோட்டால் வெளியே நிறுத்திவிட்டு, மாற்றுத் தொழில் பிறகு பார்க்கலாம் என்பது சரியில்லை. பாக் நீரிணைப் பக்கம் அனுமதித்த இடத்தில் கட்டுங்கள், ஆண்டு தோறும் சுற்றியுள்ள கடல் தரையைக் கண்காணிக்கும்படி துறையிடம் கேளுங்கள். உள்ளூர்க் கஞ்சிப் பாசியையும் கயிற்றில் வளர்க்கலாம். விளைச்சல் குறைவு, ஆனால் அது இந்தக் கடலின் சொந்தப் பாசி. அரசுப் பணம் அதன் விதை மேம்பாட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

தொண்டியிலிருந்து: மிதவைக்கு அடியில் வலை கட்டினால் துண்டு விழாதே?

பெரிய துண்டு விழாது. இந்தப் பாசி விதையால் அல்ல, துண்டால் பெருகுகிறது. விரல் நீளத் துண்டு போதும். புயலில் மிதவையே அறுந்தால் வலையும் கூடவே போகும். வலை தேவைதான், ஆனால் அதைக் காட்டி இடத்தேர்வில் சலுகை கேட்கக் கூடாது.

மண்டபத்திலிருந்து: கடல் விரால் மீனைக் கூண்டில் வளர்க்கலாமா?

என் துறை இல்லை. மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. 2010-இல் அங்கேதான் கடல் விரால் குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டார்கள். நேரில் போய்க் கேளுங்கள்.

சாயல்குடியிலிருந்து: கரையில் ஒதுங்கிய பாசியை மிளகாய்க்கு உரமாகப் போடலாமா?

உப்போடு போடாதீர்கள். கழுவ நல்ல தண்ணீர் செலவாகும், உங்கள் ஊரில் அது மிளகாய்க்கே பத்தாது. கப்பாபைகஸ் சாறு இலைவழித் தெளிப்புக்கு விற்கிறது. அது வளர்ச்சி ஊக்கிதான், அடியுரத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

முதுகுளத்தூரிலிருந்து: ஐயா, ஜிப்சம்…

மண் சீட்டு வந்ததும் பி.எச்., மின்கடத்தும் திறன், மாற்றுச் சோடிய விழுக்காடு (மண் துகளோடு ஒட்டியிருக்கும் சோடியத்தின் பங்கு) மூன்றையும் எழுதுங்கள். மூட்டைக் கணக்கை அன்றே போட்டுத் தருகிறேன்.