கட்டைவிரலைப் பின்தொடர்தல் (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, பழைய இசைத்தட்டுகளின் தொகுப்பு ஒன்றை இரண்டு வாரமாகக் கேட்டு வருகிறேன். எல்லாப் பாடல்களும் எனக்கு ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. போதாக்குறைக்குப் பதிவில் ஓயாத இரைச்சல். இந்தக் கலைஞர்களைப் பிரித்தறிவது எப்படி?

எம்.

அன்புள்ள எம்.,

தொகுப்பைச் சில நாட்கள் மூடி வைத்துவிட்டு, மிசிசிப்பி ஜான் ஹர்ட், ஸ்கிப் ஜேம்ஸ் ஆகிய இருவரை மட்டும் கேளுங்கள். இருவருமே மிசிசிப்பி மாநிலத்தவர்கள். ஒற்றைக் கிட்டாரை விரல்களால் மீட்டிக்கொண்டே பாடியவர்கள். அவ்வளவு ஒற்றுமை இருந்தும் அவர்கள் எவ்வளவு விலகி நிற்கிறார்கள் என்பது பிடிபட்டால், மற்றவர்களும் தாமாகவே தனித்தனி முகம் கொள்ளத் தொடங்குவார்கள்.

ஹர்ட்டைக் கேட்கும்போது பாட்டை விட்டுவிட்டு, அவருடைய வலது கைக் கட்டைவிரலை மட்டும் காதால் பின்தொடருங்கள். மந்தரத் தந்திகளில் அது ஒன்று மாற்றி ஒன்றாக, அவசரமில்லாமல் நடக்கிற ஒருவரின் காலடிபோலப் பிசகாது விழுந்துகொண்டே இருக்கும். மற்ற விரல்கள் மேல் தந்திகளில் பாட்டின் மெட்டை வாசித்துக்கொண்டிருக்கும். குரலும் உரத்ததல்ல, திண்ணையில் அமர்ந்து பேசுகிற குரல்தான்.

ஸ்கிப் ஜேம்ஸிடம் இந்த நிதானம் கிடையாது. அவர் கிட்டாரின் தந்திகளையே சோகச் சாயல் கொண்ட மைனர் சுருதிக்கு மாற்றிச் சேர்த்துக்கொண்டவர். ஆகவே தந்திகளை வெறுமனே வருடினாலே துயரம் எழும். அதன்மேல், பெண்குரலோ என ஐயுறத்தக்க மெல்லிய உச்சக்குரலில் பாடுகிறார்.

இரைச்சலுக்குக் காரணம் உண்டு. ஜேம்ஸ் 1931 பிப்ரவரியில் விஸ்கான்சினின் கிராஃப்டன் நகரில் பாரமவுண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடினார். அது நாற்காலி செய்யும் நிறுவனம் ஒன்றின் கிளை. மட்டமான கலவையில் தட்டுகளை அச்சிட்டு விற்றது. ஆனால் நமக்கு ஒரு நல்லூழ் வாய்த்திருக்கிறது. 1928இல் பாடிவிட்டு ஊர் திரும்பிய ஹர்ட்டை, தம் ஊர் அவலான் என்று அவரே ஒரு பாட்டில் சொல்லியிருந்ததைத் துப்பாகக் கொண்டு 1963இல் தேடிக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு ஜேம்ஸையும் கண்டடைந்தார்கள். இருவரும் அதன்பின் மீண்டும் பதிவு செய்தார்கள். அந்தத் தெளிவான பதிவுகளில் காதைப் பழக்கிக்கொண்டு, பிறகு பழைய தட்டுகளுக்குப் போங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துவிட்ட காதுக்கு இரைச்சல் பெரிய தடையாக இராது.

ஜேம்ஸைப் பொறுத்தவரை நான் 1931இன் பதிவுகளையே மேலானவை என்பேன். பொருளாதாரப் பெருமந்தத்தின் கொடுமையைச் சொல்லும் 'ஹார்ட் டைம் கில்லிங் ஃப்ளோர் ப்ளூஸ்' பாட்டை அந்தப் பழைய தட்டில் கேளுங்கள். சொற்கள் நின்றதும் அவர் உதடு பிரிக்காமல் முனகுவார். அந்த முனகலை இரைச்சலுக்கு அடியிலிருந்து உங்கள் காதே எடுத்துத் தரும்.