முதலில் ரேடாரை அணையுங்கள்

கேள்வி: கமாண்ட்: மாடர்ன் ஆபரேஷன்ஸ் என்ற கடல், வான் போர் கேமை மூன்று மாதமாக விளையாடுகிறேன். வழக்கமாக நான் எடுப்பது இரண்டு பெர்ரி வகை ஃபிரிகேட் போர்க்கப்பல், கரையில் ஒரு விமானத் தளம், அதில் 12 போர் விமானங்கள். எல்லா ரேடாரையும் எப்போதும் போட்டே வைத்திருக்கிறேன். அப்படியும் எதிரி ஏவுகணை கண்ணில் படும்போது 30 கிலோமீட்டர்கூட இருப்பதில்லை, ஒன்றரை நிமிடத்தில் கப்பல் காலி. நான் விடும் ஹார்பூன் கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகள் இரண்டு இரண்டாகப் போய் வழியிலேயே விழுகின்றன. விமானங்களோ, வேண்டிய நேரத்தில் எல்லாம் தரையில். கணினி கொஞ்சம் பழசு. கிராபிக்ஸ் கார்டு மாற்றினால் ஏதாவது தேறுமா?

பதில்: கார்டுக்கு அப்புறம் வருகிறேன். "எல்லா ரேடாரையும் எப்போதும் போட்டே வைத்திருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கப்பல் மூழ்குவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

மலையடிவாரத்தில் நின்று கத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரொலி உங்கள் காதுக்கு வர, குரல் மலை வரை போய்த் திரும்பவும் வேண்டும். மலைமேல் உட்கார்ந்திருப்பவனுக்கு அது ஒருவழிப் பயணம். உங்களுக்கு எதிரொலியே கேட்காத தூரத்திலும் அவனுக்கு உங்கள் குரல் தெளிவாகக் கேட்கும். ரேடார் விஷயமும் இதேதான். உங்கள் ஃபிரிகேட் எதிரி விமானத்தைப் பார்ப்பதற்கு வெகு முன்பே, அந்த விமானத்தில் இருக்கும் இஎஸ்எம் கருவி உங்கள் ரேடார் அலையைக் கேட்டுவிடும். எந்த வகை ரேடார் என்பதிலிருந்து எந்த வகைக் கப்பல் என்பதையும் ஊகித்துவிடும். இந்த கேம் அந்தக் கணக்கைக் கறாராகப் போடுகிறது. முதல் அரைமணி நேரத்திலேயே உங்கள் முகவரியை நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள்.

அடுத்தது, அந்த 30 கிலோமீட்டர். அதில் கேமின் குறையும் இல்லை, உங்கள் ரேடாரின் குறையும் இல்லை. பூமி உருண்டை, அவ்வளவுதான். ரேடாரின் உயரம், இலக்கின் உயரம் இரண்டையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.1-ஆல் பெருக்குங்கள். எத்தனை கிலோமீட்டர் தாண்டினால் இலக்கு கடலின் வளைவுக்குக் கீழே போய்விடும் என்பது கிடைக்கும். கப்பல் ரேடார் 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அலையை உரசிக்கொண்டு வரும் ஏவுகணை 4 மீட்டரில். 5-ம் 2-ம் 7. பெருக்கினால் 29 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒலியின் வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாக, விநாடிக்கு 300 மீட்டர் சொச்சம் வரும் ஏவுகணைக்கு அது ஒன்றரை நிமிடத் தூரம். நீங்கள் எழுதியிருப்பதும் அதே ஒன்றரை நிமிடம்தான்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ஹார்பூன் விவகாரமும் புரியும். எதிரிக் கப்பலின் மேல்தளம் 15 மீட்டர் உயரம் என்றால், உங்கள் கப்பல் ரேடாருக்கு அது 36 கிலோமீட்டர் வரைதான் தெரியும். ஹார்பூனோ 100 கிலோமீட்டருக்கு மேல் போகும். கை நீளம், பார்வை குட்டை. அதைச் சரிசெய்யத்தான் பெர்ரியின் பின்தளத்தில் ஹெலிகாப்டர்கள் நிற்கின்றன. ஒரு எஸ்எச்-60பி ஹெலிகாப்டர் 300 மீட்டர் உயரத்தில் நின்றால் அதே கப்பலைக் கிட்டத்தட்ட 90 கிலோமீட்டரிலிருந்து பார்க்கலாம். நீர்மூழ்கி வேட்டைக்கு மட்டும்தான் அது என்று பலர் ஹேங்கரிலேயே வைத்திருப்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் வைத்திருந்தேன்.

ஆகவே, கப்பல்களின் எம்கான் (எந்தக் கருவி அலை வீசலாம் என்ற கட்டுப்பாடு) அமைப்பில் ரேடாரைப் பாசிவ் ஆக்குங்கள், அதாவது அணையுங்கள். ஹெலிகாப்டரைக் கப்பலுக்கு நேர் மேலே நிறுத்தாமல் 40, 50 கிலோமீட்டர் பக்கவாட்டில் அனுப்பி, அங்கே போன பிறகு அதன் ரேடாரைப் போடுங்கள். அலையைக் கேட்பவன் அங்கே வந்து தேடட்டும். உங்களிடம் ஈ-2 ஹாக்கை மாதிரி வான் கண்காணிப்பு விமானம் இருந்தால் இன்னும் நல்லது. 9,000 மீட்டரிலிருந்து கப்பலைப் பார்க்கும் எல்லை 400 கிலோமீட்டரைத் தாண்டும். அதை சப்போர்ட் மிஷனில் சேர்க்கும்போது, காவல் நிற்கும் இடத்தில் இருக்கும்போது மட்டும் ரேடார் இயங்க வேண்டும் என்ற தேர்வு இருக்கும், அதை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் கிளம்பும்போதும் திரும்பும்போதும் ரேடார் போட்டுக்கொண்டே பறந்து, எங்கிருந்து வருகிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடும்.

ஒரு எச்சரிக்கை. மிஷனுக்கென்று தனி எம்கான் உண்டு, அலகுக்கென்று, அதாவது ஒவ்வொரு கப்பலுக்கும் விமானத்துக்கும், தனி எம்கான் உண்டு. கீழே இருப்பது மேலே இருப்பதிலிருந்து வாங்கிக்கொள்ளும். "நான் அணைத்தேனே, எப்படி எரிகிறது?" என்ற குழப்பத்தில் பத்துக்கு எட்டு இங்கேதான் பிறக்கும்.

பார்வையை உயரத்தில் வைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1982 மே 4 ஒன்றே போதும். பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த ஃபாக்லாந்து போர். பிரிட்டனின் வான் கண்காணிப்பு விமானமான கேனட், ஆர்க் ராயல் என்ற பெரிய விமானந்தாங்கியோடு சேர்ந்து 1978-லேயே ஓய்வு பெற்றுவிட்டது. மாற்று கிடையாது. அதனால் ஷெஃபீல்ட் போன்ற டெஸ்ட்ராயர்களே முன்னால் போய்க் கண்ணாக நின்றன. அர்ஜென்டினாவின் பழைய நெப்டியூன் ரோந்து விமானம் ஒன்று பிரிட்டிஷ் கப்பல்களைத் தூரத்திலிருந்து கண்டு சொன்னது. இரண்டு சூப்பர் எட்டாண்டார் விமானங்கள் ரேடாரை அணைத்து, கடலோடு ஒட்டிப் பறந்து வந்தன. கடைசியில் கொஞ்சம் மேலே ஏறி, சில விநாடி ரேடார் போட்டுப் பார்த்து, மறுபடி கீழே இறங்கி எக்சோசெட் ஏவுகணைகளை விட்டன.

அந்தச் சில விநாடி அலையை கிளாஸ்கோ என்ற கப்பல் கேட்டு எச்சரித்தது. ஆனால் அதற்கு முன்பு வந்த பல எச்சரிக்கைகள் பொய்யாகிப்போயிருந்ததால் அதை யாரும் நம்பவில்லை. ஷெஃபீல்டோ அந்த நேரம் செயற்கைக்கோள் வழியே பேசிக்கொண்டிருந்தது. அந்த ஒலிபரப்பு அதன் சொந்த இஎஸ்எம் கருவியின் காதை அடைத்துவிட்டது. 20 பேர் இறந்தார்கள், கப்பல் 10-ஆம் தேதி மூழ்கியது. அதற்குப் பிறகுதான் சீ கிங் ஹெலிகாப்டரின் பக்கத்தில் பலூன் மாதிரி ஒரு ரேடாரைத் தொங்கவிட்டு அவசர அவசரமாகக் கண் தயாரித்தார்கள். அந்த இரண்டு விமானங்கள் செய்ததைத்தான் நான் உங்களைச் செய்யச் சொல்கிறேன்: வேறொருவன் பார்க்கட்டும், சுடுபவன் சத்தம் போடாமல் வரட்டும்.

இப்போது ஹார்பூன். ஒரு வான் பாதுகாப்புக் கப்பல் ஒரே நேரத்தில் எத்தனை இலக்கை அடிக்கும் என்பது, அதில் எத்தனை வழிகாட்டு ரேடார் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஷெஃபீல்ட் வகையில் இரண்டு. டைகாண்டரோகா வகை க்ரூஸரில் நான்கு. இரண்டே இரண்டு ஏவுகணையை அனுப்பினால், ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டு முடித்துவிட்டு, அடுத்த இரண்டுக்காகக் காத்திருப்பார்கள். எட்டும் ஒரே நேரத்தில் வந்தால் அவர்களுக்கும் அதே ஒன்றரை நிமிடம்தான், ஆனால் வேலை நான்கு மடங்கு.

உங்கள் பெர்ரியில் ஹார்பூன் சாதாரணமாக நான்குதான். இரண்டு கப்பலுக்கும் சேர்த்து எட்டே எட்டு. அதுவும் முன்தளத்தில் இருக்கும் ஒற்றைக் கை ஏவியில், வான் பாதுகாப்பு ஏவுகணைகளோடு வரிசையில் நின்று வரவேண்டும். ஆகவே எதிரி ஏவுகணை வந்துகொண்டிருக்கும்போது ஹார்பூன் விடாதீர்கள், ஏவியின் கை அதில் மாட்டிக்கொள்ளும். ஹெலிகாப்டர் இலக்கைப் பிடித்ததும், இரண்டு கப்பலிலிருந்தும் எட்டையும் மேனுவலாக ஒதுக்கி, தூரத்தில் இருக்கும் கப்பலிலிருந்து முதலில் விடுங்கள். தூர வித்தியாசத்தை விநாடிக்கு 250 மீட்டர் என்று வகுத்தால், மற்றக் கப்பல் எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று தோராயமாகத் தெரியும். டபிள்யூஆர்ஏ என்ற பக்கத்தில் எந்த இலக்குக்கு எத்தனை என்று முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம். முதல் பத்து ஆட்டம் வரை கையாலேயே செய்யுங்கள், கை பழகட்டும்.

விமானங்கள் தரையில் இருக்கும் புகார் இருக்கிறதே, அதன் காரணம் எனக்குப் பார்க்காமலே தெரியும். 12-ஐயும் ஒன்றாகக் கிளப்பியிருப்பீர்கள். எல்லாம் ஒன்றாக எரிபொருள் தீர்ந்து, ஒன்றாக இறங்கி, மறுபடி தயாராக ஆறு மணி நேரம் என்று காட்டியிருக்கும். மிஷன் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு விதி என்று ஒரு டிக் உண்டு. அதைப் போட்டால் நான்கு விமானம் வானில், மற்றவை வழியிலும் தரையிலுமாகச் சுழலும். நான்குதானா என்று மனது அடித்துக்கொள்ளும். ஆனால் எப்போது பார்த்தாலும் நான்கு இருக்கும்.

நீர்மூழ்கி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. கப்பல் வேகமாகப் போனால், நீருக்கடியில் ஒலி கேட்கும் அதன் சோனாருக்குக் காது கேட்காது என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள்.

நேரத்தை 15 மடங்கு வேகத்தில் ஓடவிட்டு டீ போடப் போகாதீர்கள். நான் போனேன். டீ கொதிக்குமுன் ஒரு விமானந்தாங்கி போய்விட்டது. அதற்குப் பிறகு, புதிதாக ஒரு கப்பலோ விமானமோ தென்பட்டால் ஆட்டம் தானாக நிற்கும்படி செய்தி அமைப்பில் மாற்றி வைத்திருக்கிறேன்.

இந்த வாரம் இதைச் செய்து பாருங்கள். எடிட்டரில் சின்னதாக ஒரு களம்: உங்கள் பக்கம் ஒரு பெர்ரி, எதிர்ப்பக்கம் ஒரு ரோந்து விமானம், ஒரு ஏவுகணைப் படகு. கப்பல் ரேடாரைப் போட்டு ஒரு மணி நேரம், அணைத்து ஒரு மணி நேரம். இரண்டு தடவையும் நடுவில் நிறுத்தி, எடிட்டரில் எதிரிப் பக்கத்துக்கு மாறி, அவன் வரைபடத்தில் உங்கள் கப்பல் எங்கே, எப்படித் தெரிகிறது என்று பாருங்கள்.

கார்டு வேண்டாம். இது பெரும்பாலும் வரைபடத்தில் ஓடும் ஆட்டம். பெரிய களங்களில் திணறினால் ப்ராசஸரைத்தான் பார்க்க வேண்டும். கையில் காசு இருந்தால் இரண்டாவது மானிட்டர் ஒன்று, பழையதாக இருந்தாலும் சரி, வாங்குங்கள். செய்திப் பட்டியலைப் பிரித்து அதில் போட்டுவிட்டால் வரைபடம் முழுசாகக் கிடைக்கும்.