கவுண்டரில் "கிடைக்காது" என்றால் அது முடிவா?

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். திருகோணமலையிலேயே எச்.என்.டி.ஏ. என்ற கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமாவை முடித்து, இப்போது வேலை பார்த்துக்கொண்டே ஓர் அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புப் படிக்கிறார். டிப்ளோமாவில் ஏற்கெனவே சித்தியடைந்த ஐந்து பாடங்களைப் பட்டப்படிப்பில் மறுபடி படிக்காமலிருக்க விலக்குக் கேட்டு விண்ணப்பித்தவரை, "உங்களுக்குக் கிடைக்காது" என்று வாயால் சொல்லியே அனுப்பிவிட்டார்கள். போன வருடம் அதே டிப்ளோமாவோடு போன தோழிக்கு நான்கு பாடம் கிடைத்ததாம். வழக்குப் போடலாமா என்கிறார்.

போடலாம் தங்கச்சி, ஆனால் எதை எதிர்த்து? உங்கள் கையில் ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லையே. பாடவிலக்கு என்பது கேட்டவுடன் கிடைக்க வேண்டிய உரிமை இல்லை, அதைத் தீர்மானிப்பது பல்கலைக்கழகத்தின் மூதவை, அதாவது கல்வி விடயங்களை முடிவு செய்யும் செனட் சபை. நீதிபதி உங்கள் பாடத்திட்டத்தை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்க மாட்டார். ஆனால் தங்கள் விதிப்படி, ஆளுக்கு ஆள் மாறாமல், காரணத்தோடு முடிவெடுக்க வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. நீங்கள் பிடிக்க வேண்டிய பிடி அதுதான்.

முதலில் கையேட்டில் விலக்கு பற்றிய பக்கத்தைப் படியுங்கள். எத்தனை திறமைப்புள்ளி (கிரெடிட்) வரை, என்ன தரம் எடுத்திருக்க வேண்டும், டிப்ளோமா முடித்து எத்தனை வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். தோழிக்கு 'பி'யும் உங்களுக்கு 'சி'யும் என்றால் கதை அங்கேயே முடிந்தது, கோபிக்காதீர்கள். இன்னொன்று, பெறுபேற்றுத் தாளை மட்டும் இணைத்தீர்களா, இல்லை ஒவ்வொரு பாடத்தின் விரிவான பாடத்திட்டமும் முத்திரை வைத்துக் கொடுத்தீர்களா? என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். "நிதிக் கணக்கியல்" என்ற தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே என்ன படித்தீர்கள் என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம் பதிவாளருக்குப் பதிவுத்தபாலில் ஒரு கடிதம் போடுங்கள், தமிழிலேயே எழுதலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, உங்களைப் பாதிக்கும் முடிவுக்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள். கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். கூடவே தகவல் அலுவலருக்குத் தனியாக ஒரு விண்ணப்பம்: இதே டிப்ளோமாவுக்குக் கடந்த மூன்று வருடத்தில் எந்தெந்தப் பாடங்களுக்கு விலக்குக் கொடுத்தீர்கள்? பெயர் கேட்காதீர்கள், கேட்டால் தனிப்பட்ட விவரம் என்று தட்டிவிடுவார்கள். 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும்.

காரணம் வந்த பிறகும் தோழிக்கு ஒரு நீதி உங்களுக்கு ஒரு நீதி என்று தெரிந்தால், மூதவைக்கு மேன்முறையீடு செய்யுங்கள். ஆனால் நாட்காட்டியில் ஒரு கண் இருக்கட்டும், ஏனென்றால் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிற அரசியலமைப்பின் 12(1)ஐ வைத்து உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம், பல்கலைக்கழகத்துக்குள் மேன்முறையீடு நடக்கிறது என்பதற்காக அந்த மாதம் நின்றுவிடும் என்று நம்பியிருக்க முடியாது. மனித உரிமைகள் ஆணைக்குழுவில் அந்த மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. அதற்குக் கொழும்புக்கு ரயில் ஏற வேண்டாம், திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்ததா என்று நீதிமன்றம் கேட்பதுண்டு. அதிகாரிகளின் முடிவை ரத்துச் செய்யக் கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் போடும் ரிட் மனு என்பது இன்னொரு வழி, செலவு கூட, அதைக் கடைசியாகப் பார்ப்போம்.

அதுவரை அந்த ஐந்து பாடத்துக்கும் பதிவு செய்து, கட்டணம் கட்டி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். விலக்கு வந்துவிடும் என்று பரீட்சைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.