முதல் கேமிங் கணினி: பாகங்கள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது எப்படி?

கேள்வி: என் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். படிப்புக்கும் கேம் விளையாடவும் சேர்த்து ஒரு கணினி வாங்க அறுபதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். மானிட்டர் வீட்டில் இருக்கிறது. சேலத்தில் ஒரு கடையில் கொடுத்த கொட்டேஷனில், இன்டெல் ஐ5-12400எஃப் ப்ராசஸர், எச்610 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ராம் ஒன்று, 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி ஹார்டு டிஸ்க், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) உடன் கேபினெட் என்று எழுதியிருக்கிறார்கள். மதர்போர்டின் பெயர் டி4 என்று முடிகிறது. கிராபிக்ஸ் கார்டு ஜிடி 730 என்று கேட்டபின் சொன்னார்கள். இதை நம்பி வாங்கலாமா? (அம்மாபேட்டை வாசகர்)

பதில்: இந்தக் கொட்டேஷனை இப்படியே ஏற்காதீர்கள். ப்ராசஸரும் மதர்போர்டும் ஒன்றுக்கொன்று பொருந்துபவை. இரண்டும் எல்ஜிஏ 1700 என்ற சாக்கெட்டை (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) சேர்ந்தவை. அதற்குப் பிறகு எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

முதலில் ராம். இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கக்கூடியவை என்றாலும், எதை மாட்ட முடியும் என்பதை முடிவு செய்வது மதர்போர்டுதான். பெயரின் இறுதியில் வரும் டி4, அந்தப் போர்டு டிடிஆர்4 ராமுக்காகச் செய்யப்பட்டது என்பதைக் குறிக்கிறது. இரண்டு வகை ராமிலும் கீழே இருக்கும் வெட்டு வெவ்வேறு இடத்தில் அமைந்திருப்பதால், டிடிஆர்5 ராமை அந்த ஸ்லாட்டில் உட்கார வைக்கவே முடியாது. அழுத்தினால் ஸ்லாட் உடையும். எழுதும்போது கை தவறியிருக்கலாம். ஆனால் பணம் கட்டிய பிறகு தெரியவந்தால், போர்டை மாற்றுவதா ராமை மாற்றுவதா என்ற பேச்சில் கூடுதல் தொகை உங்கள் தலையில்தான் விழும். டிடிஆர்4, 3200 வேகம், 8 ஜிபி வீதம் இரண்டு என்று திருத்தி எழுதச் சொல்லுங்கள். ஒரே 16 ஜிபி ராமைவிட இரண்டு 8 ஜிபி ராம்கள் இரட்டைத் தடத்தில் இயங்குவதால் கேம்களில் வேகம் கூடுதலாகக் கிடைக்கும். 3600 வேக ராமுக்கு அதிகம் கொடுக்க வேண்டாம். எச்610 போர்டு அந்த வேகத்தில் அதை ஓட்டாது.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. இந்தக் கொட்டேஷனில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த வரி இதுதான். ஐ5-12400எஃப் என்பதில் உள்ள எஃப் என்ற எழுத்து, அந்த ப்ராசஸருக்குள் கிராபிக்ஸ் வசதி இல்லை என்பதைச் சொல்கிறது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் படமே வராது என்பதால், கணக்குக்கு ஏதோ ஒரு கார்டைச் சேர்த்திருக்கிறார்கள். ஜிடி 730, 2014இல் வந்த கார்டு. அன்றைக்கே அது கேம்களுக்காக வந்ததல்ல. இன்றைய கேம்களுக்கான டிரைவர்களும் அதற்கு வருவதில்லை. 4 ஜிபி என்ற எண் பெரிதாகத் தெரிந்தாலும், மெதுவான நினைவகம் எவ்வளவு இருந்தாலும் கார்டின் திறன் கூடாது. கேமிங் கணினியில் மற்ற எந்தப் பாகத்தையும்விட அதிகப் பணம், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கிராபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். உங்கள் தொகைக்கு 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 அல்லது அதே தரத்தில் உள்ள வேறு கார்டைக் கேளுங்கள். 1080பி திரையில் பெரும்பாலான கேம்களை நல்ல தரத்தில் ஓட்ட அது போதும். மொத்தத் தொகை இடித்தால் ப்ராசஸரை ஐ3-12100எஃப் என்று ஒரு படி இறக்கி, கார்டை விட்டுக்கொடுக்காமல் வாங்குங்கள். பல கடைகளில் இதற்கு நேர்மாறாகப் பரிந்துரைக்கிறார்கள்; ஐ5 என்ற பெயர் வாங்குபவருக்குத் தெரிந்திருக்கிறது, கார்டின் பெயர் தெரிந்திருப்பதில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

கேபினெட்டோடு சேர்ந்து வரும் எஸ்எம்பிஎஸ்ஸை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கடையிலேயே அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். அதில் +12வி என்ற கட்டத்துக்குக் கீழே ஆம்பியர் எண் இருக்கும். அதை 12ஆல் பெருக்கினால் ப்ராசஸருக்கும் கார்டுக்கும் உண்மையில் எத்தனை வாட் கிடைக்கும் என்பது தெரியும். வெளியே 450 வாட் என்று பெரிய எழுத்தில் இருந்து, உள்ளே 18 ஆம்பியர் என்று இருந்தால், கிடைப்பது 216 வாட்தான். ஆர்எக்ஸ் 6600 தனியாகவே 132 வாட் வரை எடுக்கும். ஐ5-12400எஃப் உச்சத்தில் 117 வாட் வரை போகும். போர்டு, ராம், விசிறிகள் எல்லாம் சேர்த்தால் 300 வாட்டை நெருங்கும். எனவே பெயருள்ள நிறுவனத்தின் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் சான்று பெற்ற எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாக வாங்குங்கள். அந்தச் சான்று மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டுமே சொல்வதால், எத்தனை ஆண்டு வாரண்டி என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கார்டுக்கான 8 பின் கேபிளும் ப்ராசஸருக்கான 8 பின் கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் பயன்படுத்தக் கூடாது. "பின் இல்லாவிட்டால் கன்வெர்ட்டர் போட்டுத் தருகிறோம்" என்று கடையில் சொன்னால், அந்த எஸ்எம்பிஎஸ் இந்த வேலைக்கு ஏற்றதல்ல என்று புரிந்துகொள்ளுங்கள். மற்ற பாகம் கெட்டால் அந்தப் பாகம் மட்டும் போகும். மட்டமான எஸ்எம்பிஎஸ் கெடும்போது போர்டையும் கார்டையும் சேர்த்துக் கெடுத்துவிடும் வாய்ப்பு இருப்பதால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் மதர்போர்டிலேயே உள்ள எம்.2 ஸ்லாட்டில் மாட்டும் என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம்), 500 ஜிபியாவது வாங்குங்கள். மதர்போர்டில் எம்.2 ஸ்லாட் எத்தனை, அது என்விஎம்இ வகையை ஏற்குமா என்பதை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். பழைய கணினியில் ஹார்டு டிஸ்க் இருந்தால் அதைப் படம், பாடம் சேமிக்க இதிலேயே மாட்டிக்கொள்ளலாம்.

கேபினெட் மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற அளவிலான போர்டை ஏற்க வேண்டும். கார்டின் நீளத்துக்கு இடம் இருக்க வேண்டும். இந்த இரண்டு அளவையும் பெட்டியின் மேலோ நிறுவனத்தின் இணையப் பக்கத்திலோ பார்த்துக்கொள்ளலாம். சேலத்துச் சித்திரை வெயிலில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த கேபினெட் அழகாக இருக்குமே தவிர, காற்று உள்ளே போகாது. முன்பக்கம் வலைத்தகடு உள்ளதையும், இரண்டு விசிறிகளாவது சேர்ந்து வருவதையும் கேளுங்கள்.

ஏஎம்டி பக்கம் போக நினைத்தால் ரைசன் 5 5600 இதற்கு இணையானது. ஏஎம்4 சாக்கெட், டிடிஆர்4 ராம். பி450 போன்ற பழைய போர்டோடு கொடுத்தால், பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) புதுப்பிக்கப்பட்டதா என்று கேளுங்கள். பழைய பயாஸ் இருந்தால் அந்த ப்ராசஸரை அது அடையாளம் காணாது.

திருத்திய கொட்டேஷனில் ஒவ்வொரு பாகத்தின் நிறுவனப் பெயரும் முழு மாடல் எண்ணும் இருக்க வேண்டும். "16 ஜிபி ராம்", "4 ஜிபி கார்டு" என்று மொட்டையாக எழுதிக் கொடுப்பதை ஏற்காதீர்கள்.

கேள்வி: அலுவலகங்கள் கழித்துவிட்ட பிராண்டட் கணினி பன்னிரண்டாயிரத்துக்குக் கிடைக்கிறது. ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், சின்னப் பெட்டி. அதில் ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் கேமிங் கணினி ஆகிவிடும் என்கிறான் நண்பன். சரியா? (ஆத்தூர் வாசகர்)

பதில்: ஓரளவுக்குச் சரி, ஆனால் பெட்டியைத் திறந்து பார்க்காமல் வாங்காதீர்கள். சின்னப் பெட்டிகளில் பாதி உயரமுள்ள கார்டுகள்தான் நுழையும். எஸ்எம்பிஎஸ் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும்; அதில் கார்டுக்கான 6 பின், 8 பின் கேபிள் பெரும்பாலும் இருக்காது, வெளியில் வாங்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை அதில் மாட்டவும் முடியாது. அப்படியானால் உங்களுக்கு இருக்கும் வழி, ஸ்லாட்டிலிருந்து கிடைக்கும் 75 வாட்டுக்குள் இயங்கும் கார்டுகள் மட்டுமே. கூடுதல் கேபிள் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650, 70 வாட்டில் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி வகை ஆகியவற்றைச் சொல்லலாம். இரண்டிலும் பாதி உயர வகை தனியாக வருகிறது. சில மாடல்களுக்கு மட்டும் கேபிள் தேவைப்படும் என்பதால் படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இன்னொன்று முக்கியம். ஆறாம் தலைமுறை ப்ராசஸர் விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் வகுத்த பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாமல் ஓட மறுக்கும் கேம்களும் உண்டு. வேலரன்ட் அவற்றில் ஒன்று. உங்களால் முடிந்தால் எட்டாம் தலைமுறை ப்ராசஸர் உள்ள, முழு அளவுப் பெட்டியாகத் தேடுங்கள்.

பழைய கார்டு வாங்குவதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். எத்தேரியம் என்ற மின்நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி ஈட்டும் ‘சுரங்க’ வேலை 2022 செப்டம்பரில் நின்றபின், இரவும் பகலும் ஓடிக் களைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 580 என்று விற்கப்படுவதில் 2048எஸ்பி என்ற குறைந்த திறன் வகையும் கலந்திருக்கிறது. அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டாமல் எந்தப் பழைய கார்டுக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வீடு ஏற்காட்டில் இருக்கிறது. இடி, மழைக் காலத்தில் அடிக்கடி மின்சாரம் போய்வரும். கேபினெட்டைத் தொட்டால் விரலில் லேசாகச் சுருக்கென்கிறது. 600 விஏ யூபிஎஸ் வாங்கினால் போதுமா?

பதில்: முதலில் அந்தச் சுருக்கைக் கவனியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் உள்ள வடிகட்டி மின்தேக்கிகள் வழியாக மிகச் சிறிதளவு மின்சாரம் கேபினெட்டுக்கு வருவது இயல்பு. எர்த் கம்பி சரியாக இருந்தால் அது தரைக்குப் போய்விடும். உங்கள் கைக்குத் தெரிகிறதென்றால் அந்தப் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை, அல்லது மூன்றாவது பின் இல்லாத எக்ஸ்டென்ஷன் போர்டு வழியாக இணைத்திருக்கிறீர்கள். எலெக்ட்ரீசியனை அழைத்து எர்த்திங்கைச் சரிசெய்த பிறகே மற்றதைப் பேச வேண்டும். யூபிஎஸ், சர்ஜ் பாதுகாப்பு எதுவானாலும் எர்த் இல்லாமல் முழுப் பயன் தராது.

600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். கணினியும் மானிட்டரும் சேர்ந்து கேம் ஓடும்போது அந்த எல்லையைத் தொட்டுவிடும் என்பதால் 1000 அல்லது 1100 விஏ எடுங்கள். அதுவும் சேமித்துவிட்டு அணைக்கச் சில நிமிடம் தருவதற்காகத்தான். நல்ல எஸ்எம்பிஎஸ்களில் உள்ள ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும்) அமைப்பு, மலிவான யூபிஎஸ் தரும் சதுர அலையோடு சில சமயம் ஒத்துப்போகாமல் மின்தடையின்போது கணினியை அணைத்துவிடும். சைன்வேவ் (வீட்டு மின்சாரம் போன்ற சீரான அலை தரும்) வகை என்று கேட்டு வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரிலேயே இணைப்பதானால், பின்புறம் உள்ள சுவிட்சை யூபிஎஸ் நிலையில் வையுங்கள். இடி இடிக்கும்போது பிளக்கையும் இணையக் கேபிளையும் உருவிவிடுவதைவிடச் சிறந்த பாதுகாப்பு இல்லை. பனிமூட்டம் உள்ளே வரும் சன்னலோரம் கணினியை வைக்க வேண்டாம்.

கேள்வி: புதிதாக வாங்கிய கிராபிக்ஸ் கார்டில் பத்தே நாளில் திரை கோடு கோடாக வருகிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டி, நிறுவனத்தையே பார்த்துக்கொள் என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்? (ஓமலூர் வாசகர்)

பதில்: மானிட்டர் கேபிளை மாற்றிப் பார்த்து, கார்டைக் கழற்றி மாட்டிப் பார்த்து, முடிந்தால் நண்பர் வீட்டுக் கணினியில் போட்டும் பாருங்கள். அங்கேயும் கோடு வந்தால் குறை கார்டில்தான். அதை வரிசை எண் தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்கள்.

அச்சிட்ட அந்த வாசகத்தைக் காட்டிக் குறையுள்ள பொருளை மறுக்க முடியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள்ளோ, காலம் குறிக்கப்படாதபோது 30 நாள்களுக்குள்ளோ திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில் தர மறுப்பதும் அதே வகைதான். எனவே இன்றே கடைக்காரருக்கு எழுத்து வடிவில், வாட்ஸ்அப்பிலாவது, குறையையும் வாங்கிய தேதியையும் குறிப்பிட்டு மாற்றுப் பொருளோ பணமோ கேளுங்கள். நிறுவனத்தின் வாரண்டி வேறு. அதற்கும் ஒரு புகார் பதிந்து எண் வாங்கி வையுங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் சேலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், குறை தெரியவந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம் என்பதால், கார்டை பெங்களூரிலிருந்தோ இணையத்திலோ வாங்கியிருந்தாலும் சேலம் ஆணையமே போதும். மனுவோடு பில்லின் நகல், வரிசை எண் உள்ள பெட்டியின் படம், கடைக்காரரோடு நடந்த எழுத்துப் பரிமாற்றம் ஆகியவற்றை இணையுங்கள். பில்லில் வரிசை எண் இல்லையென்றால், கடைக்காரரிடம் பேச்சு முறிவதற்கு முன்பே அதை எழுதி முத்திரையிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.